மிக்ஜாம் தண்ணீரில் ஒரு சிஎன்சி பட்டறை: அம்பத்தூரில் உண்மையில் எது நஷ்டம்?

மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. 2023 டிசம்பர் 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்த்தான் கரையேறியது. ஆனால் அதற்கு முன்னால் சென்னையை ஒட்டிய கடலில் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்ததில், நகரத்தின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டது. மிதந்த கார்கள், மூடிய விமான நிலையம், படகில் மீட்கப்பட்ட குடும்பங்கள் பற்றியெல்லாம் நிறைய வந்துவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகள் பற்றி வந்தது என்னவோ 'இத்தனை கோடி நஷ்டம்' என்ற ஒற்றை வரிதான். அந்தக் கோடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரே ஒரு பட்டறையை எடுத்துப் பார்க்கலாம்.

நான் சிஎன்சி மெஷின்களுக்கு, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பைக் கடையும் மெஷின்களுக்கு, எலெக்ட்ரிக்கல் சர்வீஸ் பார்ப்பவன். இந்தப் பட்டறைக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். ஓனர் தன் பெயர் வேண்டாம், கணக்கை வேண்டுமானால் எழுதிக்கொள் என்றார். மெஷின் நனைந்தது பெரிய செலவுதான், ஆனால் பட்டறையை உட்கார வைத்தது அது இல்லை. தரையில் கிடந்த, அவருக்குச் சொந்தமே இல்லாத சரக்குதான் உட்கார வைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டறையில் மூன்று சிஎன்சி லேத் (கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (மேலிருந்து இறங்கும் டூலால் வெட்டும் சிஎன்சி மெஷின்), பழைய சாதா லேத் இரண்டு, ஒரு கம்ப்ரஸர், 62 கேவிஏ ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்). ஆட்கள் பதினொரு பேர், அதில் ஆறு பேர் ஒடிசாக்காரர்கள். முழுக்க ஜாப் ஒர்க். அதாவது பெரிய கம்பெனி தன் ஃபோர்ஜிங்கையும் (அடித்து வடிவமாக்கிய இரும்புத் துண்டுகள்) கம்பியையும் டெலிவரி சலான் போட்டு அனுப்பும், இவர்கள் கடைந்து கொடுப்பார்கள், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பொருள் அவர்களுடையது, உழைப்பும் கரண்டும் டூலும் இவர்களுடையது. அம்பத்தூரில் பாதிப் பட்டறை இப்படித்தான் ஓடுகிறது.

இடத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் பேட்டை வழியாகத்தான் கொரட்டூர் ஏரிக்குப் போயாக வேண்டும். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் பேட்டை. போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, பழைய ஷெட்டுகள் எல்லாம் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. இந்தப் பட்டறைக்குள் நுழையும்போது ஏறிப் போக மாட்டீர்கள், இரண்டு படி இறங்கித்தான் போவீர்கள். 2015லும் தண்ணீர் வந்தது, ஆனால் கணுக்கால் அளவோடு போய்விட்டதாம். அந்த நினைப்புதான் இந்த முறை மோசம் செய்தது: 'பதினைந்திலேயே இவ்வளவுதான் வந்துச்சு' என்று வாசலில் இரண்டு வரிசை மணல் மூட்டையோடு விட்டுவிட்டார்கள். 2015இல் பெரிய அடி வாங்கியது அடையாற்றுக் கரை. ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் வரும் பாதை வேறு, போன தடவை வந்த மட்டத்தை வைத்து இந்தத் தடவைக்குக் கணக்குப் போட முடியாது.

டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. பட்டறை லீவு. அதனாலேயே சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கிய ஃபோர்ஜிங் பெட்டிகள் தரையிலேயே கிடந்தன, திங்கட்கிழமை காலை எண்ணிக்கொள்ளலாம் என்று. சீனியர் ஆபரேட்டர் ஒருவர் பக்கத்தில் குடியிருக்கிறார். ஞாயிறு இரவு மழையின் சத்தம் சரியில்லை என்று அவராகவே வந்து மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, ஓனருக்கு 'அண்ணே, மெயின் ஆஃப் பண்ணிட்டேன்' என்று வாட்ஸ்அப் வாய்ஸ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இந்த முழுக் கதையிலும் அதிகப் பணம் மிச்சம் பிடித்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கரண்ட் இருக்கும்போது மெஷினின் மின் பெட்டியான பேனலுக்குள் தண்ணீர் ஏறினால் கார்டெல்லாம் (எலெக்ட்ரானிக் சர்க்யூட் பலகைகள்) கருகிவிடும், அதன்பின் கழுவவும் காயவைக்கவும் எதுவும் மிஞ்சாது. கரண்ட் இல்லாமல் நனைந்தால் பாதிக்கு மேல் பிழைக்கும்.

திங்கள் விடியற்காலை மின்வாரியம் பாதுகாப்புக்காக ஏரியாவுக்கு வரும் மின் லைனையே (ஃபீடர்) நிறுத்திவிட்டது. போன் டவர்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஓனர் வீடு பெரம்பூர் பக்கம், அங்கேயும் தெருவில் தண்ணீர், கிளம்ப வழியில்லை. ஒடிசாப் பையன்கள் பட்டறை மாடியிலேயே தங்கியிருந்ததால், தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்ததும் கையில் கிடைத்ததை எல்லாம் மேலே ஏற்றியிருக்கிறார்கள். எதை ஏற்ற வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் கண்ணுக்கு விலை உயர்ந்ததாகத் தெரிந்த கம்ப்யூட்டர், மானிட்டர், தண்ணீர்க் கேன், ஓனரின் சுழல் நாற்காலி எல்லாம் மாடிக்குப் போனது. நாற்காலி தப்பித்தது, அதே அறையில் கீழ்த்தட்டில் இருந்த கார்பைடு இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) டப்பாக்களும், துல்லியமாக அளவு பார்க்கும் வெர்னியர், மைக்ரோமீட்டர் பெட்டியும் முங்கின. பையன்களைக் குறை சொல்ல முடியாது. இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று அவ்வளவு செய்ததே பெரிது.

மட்டம் சுவரில் மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே கோடு போட்டுவிட்டு நின்றது. வியாழக்கிழமைதான் முழங்காலுக்குக் கீழே வந்தது.

மெஷின்கள்

நான் உள்ளே போனபோது தரையெல்லாம் எண்ணெய்ப் படலம் ஒட்டிய சேறு. தொழிற்பேட்டைத் தண்ணீர் வெறும் மழைத் தண்ணீர் இல்லை. சாக்கடை, கூலண்ட், வேஸ்ட் ஆயில், யார் யார் பட்டறையிலிருந்து வந்ததோ தெரியாத கெமிக்கல் எல்லாம் சேர்ந்தது. இது காய்ந்தால் கார்டின் மேல் படியும் உப்பும் மண்ணும் பிறகு ஈரக்காற்றிலேயே ஷார்ட் அடிக்கும். அதனால் நனைந்த எலெக்ட்ரானிக்ஸை முதலில் காயவைக்கக் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இதைச் சொன்னால் எந்த ஓனரும் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார். இவரும் பார்த்தார்.

லேத்துக்குப் பின்னால் இருக்கும் எலெக்ட்ரிக்கல் பேனலில் கீழ் வரிசையில் டிரான்ஸ்ஃபார்மர், பவர் சப்ளை, கான்டாக்டர்கள். நடுவில் மோட்டார்களை ஓட்டும் டிரைவ்கள். மேலே மெஷினின் மூளையான கன்ட்ரோல். மூன்றடித் தண்ணீர் என்றால் கீழ் வரிசை முழுக்கப் போச்சு, டிரைவ்கள் பாதி, கன்ட்ரோல் தப்பித்தது. சுழலும் தண்டை ஓட்டும் ஸ்பிண்டில் மோட்டார் லேத்தில் பெரும்பாலும் கீழேதான் இருக்கும், அதனால் மூன்றும் நனைந்தன. விஎம்சியில் ஸ்பிண்டில் மேலே என்பதால் அது பிழைத்தது, ஆனால் டேபிள் மோட்டார்கள் இரண்டும் அவுட். ஆயில் அழுத்தம் கொடுக்கும் ஹைட்ராலிக் பவர்பேக்கின் மூச்சுத் துவாரம் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஆயில் முழுக்க மோர் நிறத்துக்கு வந்திருந்தது.

கார்டுகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு மறுபடி கழுவி, ஹாலஜன் விளக்கு வைத்த மரப்பெட்டிக்குள் வைத்துக் காயவைக்க ஏற்பாடு செய்தோம். கரண்ட்? பட்டறையில் அதற்கு வழியில்லை. ஜென்செட் தரையிலிருந்து அரையடி உயர மேடையில் இருந்தது, அதாவது தண்ணீருக்குள் இருந்தது. அவசர காலத்துக்கு என்று வாங்கிய சாமான் அவசரத்தில் முதலில் முங்கிய சாமான்களில் ஒன்று. வாடகை ஜென்செட்டுக்கு அந்த வாரம் அம்பத்தூரில் கேட்ட வாடகையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுவும் டீசல் தனி. கடைசியில் விளக்குப் பெட்டியையும் மோட்டார்களையும் ஒரு குட்டியானையில் ஏற்றி, தண்ணீர் வராத ஏரியாவில் மோட்டாருக்குச் சுருள் சுற்றும் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய், கார்டுகளைப் பெட்டியிலும் மோட்டார்களை அடுப்பிலும் வைத்துக் காயவைத்தோம்.

மோட்டார் காய்ந்ததா என்று பார்க்க மெக்கர் போடுவோம். 500 வோல்ட் விட்டு இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது, ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மறுபடி அடுப்புக்குத்தான். இதில் ஒரு விஷயம்: டிரைவிலிருந்து வயரைக் கழற்றாமல் மெக்கர் போட்டால் அந்த 500 வோல்ட் டிரைவுக்குள் பாய்ந்து நல்லா இருக்கும் டிரைவையும் சாகடித்துவிடும். அந்த வாரம் பேட்டை முழுக்க வீட்டு வயரிங் பார்க்கும் எலெக்ட்ரீஷியன்கள் மெக்கரோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தில் பிழைத்த டிரைவுகள் இப்படிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

மெஷினை அளவாக நகர்த்தும் சர்வோ மோட்டாரில் சுருள் பிழைக்கும், வாலில் இருக்கும் என்கோடர் (எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் சென்சார்) பெரும்பாலும் பிழைக்காது. புதுசு வாங்க ஆர்டர் போட்டால் நமக்கு முன்னால் பேட்டையில் பாதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொன்று பேட்டரி. கன்ட்ரோலின் பாராமீட்டர்கள் (மெஷினின் அமைப்பு விவரங்கள்) எல்லாம் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவில் இருக்கின்றன. அது பலவீனமாக இருந்து கரண்டும் பல நாள் இல்லாமல் போனால் மெஷினுக்குத் தான் யார் என்பதே மறந்துவிடும். ஒரு லேத்தில் 'பேட்' (பேட்டரி) எச்சரிக்கை அக்டோபரிலிருந்தே மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் தொடாத கன்ட்ரோல், ஆனால் உள்ளே எல்லாம் காலி. நல்லவேளை, அந்த மெஷினின் பேக்கப் எடுத்த பென்டிரைவ் ஆபரேட்டர் வீட்டு பீரோவில் இருந்தது.

பக்கத்துப் பட்டறையில் வேறு கதை. அவருக்குத் தண்ணீர் ஒன்றரை அடிதான். ஆனால் அந்த வாரமே டெஸ்பாட்ச் கொடுத்தாக வேண்டும் என்று கம்பெனியிலிருந்து போன் மேல் போன். கரண்ட் வந்த அன்றைக்கே ஏர் கன்னால் ஊதிவிட்டு ஆன் செய்துவிட்டார். இரண்டு டிரைவும் ஒரு பவர் சப்ளையும் ஒரே நொடியில் போயின. இரு மடங்கு தண்ணீர் வந்த நம் ஓனரைவிட அவருடைய எலெக்ட்ரிக்கல் பில் பெரிதாக வந்தது.

நம் ஓனர் பட்டறையில் கரண்டே ஒரு வாரத்துக்குமேல் கழித்துத்தான் வந்தது. தெருவுக்கு வந்துவிட்டது, இவருக்கு மட்டும் வரவில்லை, ஏனென்றால் மீட்டர் பெட்டி முங்கியிருந்தது. லைன்மேன் பொறுமையாகத்தான் சொன்னார்: 'சார், நான் இப்ப கொடுத்துட்டுப் போயிடுவேன், உள்ள யாராவது இரும்பைத் தொட்டா என்ன ஆகும்? வயரிங் டெஸ்ட் பண்ணிட்டுக் கூப்பிடுங்க.' நியாயம்தான். முதல் லேத் ஓடியது கிறிஸ்துமஸ் சமயத்தில். விஎம்சி பொங்கலுக்கு அப்புறம். அதற்குள் எந்திரம் நகரும் வழித்தடங்களில் துருப்பிடித்து, தேய்த்து எடுத்த இடத்தில் அளவு போய், மைக்ரான் கணக்கில் கேட்கும் வேலையை ஒரு லேத்தில் இனி செய்ய முடியாது என்றாகிவிட்டது. அது இப்போது துல்லியம் தேவைப்படாத ரஃப் கட்டிங் மட்டும் செய்கிறது.

இன்சூரன்ஸ்

பாலிசி இருந்தது. மெஷின் லோன் கொடுத்த வங்கி, லோனோடு சேர்த்துப் போட்டது. காகிதம் வங்கியில். வெள்ளம் வந்த பிறகுதான் ஓனர் முதல்முறையாக அதை முழுக்கப் படித்தார். மொத்தச் சொத்து 5 கோடிக்குள் இருக்கும் தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' என்று ஒரு பொதுவான பாலிசி வந்தது, இவருடையதும் அதுதான். அதில் புயல், வெள்ளம் உள்ளேயே அடக்கம், தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அது நல்ல செய்தி.

கெட்ட செய்தி, காப்புத் தொகை. வங்கிக்காரர்கள் பேலன்ஸ் ஷீட்டில் தேய்மானம் கழித்து நின்ற தொகையை எடுத்துப் போட்டிருந்தார்கள். மெஷின்களை இன்றைக்கு வாங்கினால் 80 லட்சம் ஆகும், பாலிசியில் 48 லட்சம். இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒத்துக்கொண்ட சேதம் 9 லட்சத்துக்குச் சற்று மேல். 48ஐ 80ஆல் வகுத்தால் 60 சதவீதம். அதனால் 9 லட்சம் சேதத்துக்குக் கிடைப்பது ஐந்தரை லட்சத்துக்குள், அதிலும் பாலிசிதாரர் பங்கு என்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் 15 சதவீதம் வரை கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்று இந்தப் பாலிசியில் இருக்கிறது. இவருடைய குறை 40 சதவீதம், அந்தச் சலுகை எட்டவில்லை. 'மொத்தம் 48 லட்சத்துக்கு இன்ஷூர் பண்ணியிருக்கேன், 9 லட்சம் கேட்டா முழுசா குடுக்க மாட்டீங்களா?' என்று அவர் சர்வேயரிடம் கேட்டார். பலரும் கேட்பார்கள். விகிதம் போட்டுக் கழிப்பது பாலிசியிலேயே இருக்கிறது, சர்வேயர் ஒன்றும் செய்ய முடியாது.

சர்வேயர் வருவதும் லேசில் நடக்கவில்லை. சென்னைக் கணக்கே முடியாதபோது டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆட்கள் அங்கே ஓடினார்கள். சர்வேயர் வரும்வரை எதையும் தொடாதே என்று ஏஜென்ட் சொல்கிறார், தொடாமல் விட்டால் துரு ஏறுகிறது. நாங்கள் செய்தது இதுதான்: ஒவ்வொரு மெஷினின் பெயர்ப் பலகை, சுவரில் நின்ற தண்ணீர்க் கோடு, பேனலுக்குள் சேறு, கழற்றிய ஒவ்வொரு கார்டின் சீரியல் நம்பர் என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டு, 'சேதம் மேலும் ஆகாமல் இருக்கச் சுத்தம் செய்கிறோம்' என்று ஒரு மெயில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டோம். தூக்கிப் போட வேண்டிய பழைய பாகத்தை மட்டும் ஒரு மூலையில் குவித்து வைத்தோம். அந்த மெயில் இருந்ததால் பின்னால் வாக்குவாதமே வரவில்லை.

பட்டறை ஓடாத நாட்களின் கூலி, வாடகை, வட்டி எதுவும் இந்தப் பாலிசிக்குள் வராது. அதற்கு லாப இழப்புப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். சின்னப் பட்டறையில் அதை எடுத்து வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை.

அடுத்தவர் சரக்கு

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயம். சனிக்கிழமை வந்து இறங்கிய ஃபோர்ஜிங், பாதி கடைந்த பீஸ்கள், பேக் செய்து டெஸ்பாட்சுக்கு நின்றவை எல்லாம் சேர்த்து ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. முடித்த பீஸ்களில் துருப் புள்ளி விழுந்துவிட்டால் கம்பெனியின் தரச் சோதனையில் நிற்காது. ஸ்கிராப்தான்.

அடுத்தவர் பொருள் நம் பொறுப்பில் இருந்தால், அது பாலிசியில் தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் கவர். இவருடைய பாலிசியில் 'சரக்கு' என்று ஒரு சின்னத் தொகை இருந்தது, அது இவர் சொந்தச் சரக்குக்கு. ஜாப் ஒர்க் பட்டறையில் சொந்தச் சரக்கு என்று என்ன பெரிதாக இருக்கும்? நாலு டப்பா இன்செர்ட்டும் இரண்டு பேரல் ஆயிலும். கம்பெனியின் பாலிசியோ அவர்கள் ஆலைக்குள் இருப்பதை மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஏழு லட்ச ரூபாய்ச் சரக்கு இரண்டு பாலிசிக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

கம்பெனி நாகரிகமாகத்தான் பேசியது. வருத்தம் தெரிவித்து ஒரு மெயில், அதன்பின் ஒரு டெபிட் நோட் (இவ்வளவு பணம் நீங்கள் தர வேண்டும் என்ற சீட்டு). அந்த டெபிட் நோட்டை அக்டோபர், நவம்பர் பில்களில் வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொண்டார்கள். மெஷின் படுத்திருக்கும் டிசம்பர், ஜனவரியில் சம்பளம் கொடுக்க அவர் நம்பியிருந்ததே அந்தப் பழைய பில் பணத்தைத்தான். புது வருமானம் இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தவருக்குப் பழைய வருமானமும் வரவில்லை. ஜிஎஸ்டியிலும் ஒரு சிக்கல். அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிக் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்குக் கிடைத்த கழிவு) திருப்பிவிட வேண்டும். கம்பெனி அதையும் டெபிட் நோட்டில் சேர்த்துவிட்டது. ஓனரின் ஆடிட்டர் சொல்லித்தான் அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதே இவருக்குப் புரிந்தது.

நகையை வைத்தார். அரசு தொழில் முதலீட்டுக் கழகம் வழியாகச் சலுகை வட்டிக் கடன் அறிவித்தபோது விண்ணப்பித்தார், ஆனால் கையில் உடனே பணமாக வந்தது நகைக்கடன்தான். ஒடிசாப் பையன்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். போன ஆறு பேரில் நாலு பேர் திரும்பினார்கள். 2023 செப்டம்பரில்தான் மின்கட்டண உயர்வை எதிர்த்துச் சிறுதொழில்காரர்கள் தமிழ்நாடு முழுக்க ஒருநாள் கதவடைப்பு நடத்தியிருந்தார்கள், கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வரும் நிலைக்கட்டணம் மெஷின் நின்றாலும் விடாது என்பது அவர்களின் முக்கியமான குறை. அந்தப் பில்லும் வழக்கம்போல வந்தது. கம்பெனி இரண்டு பார்ட் நம்பரை (இரண்டு வகைப் பாகங்களின் வேலையை) ஓசூர் பக்கம் வேறொருவருக்கு மாற்றியது, தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். ஒன்று திரும்பி வந்தது.

அதற்கு அப்புறம் பட்டறையில் மாறியவை: ஜென்செட் மூன்றரை அடி மேடைக்குப் போனது. மீட்டர் பெட்டியும் மெயின் போர்டும் மேலே ஏறின. மெஷின்களை உயர்த்த முடியாது, ஆனால் தரையில் நேரடியாகப் பெட்டி வைக்கக் கூடாது என்று ரேக் அடித்திருக்கிறார். எதை முதலில் மாடிக்குத் தூக்க வேண்டும் என்று சுவரில் தமிழிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டியிருக்கிறார், நாற்காலி அதில் இல்லை. பாலிசியில் மெஷின் தொகையை இன்றைய விலைக்கு ஏற்றி, 'பொறுப்பில் உள்ள பிறர் சரக்கு' என்று 10 லட்சத்துக்குத் தனியாக எழுதிச் சேர்த்தாகிவிட்டது. கூடுதல் பிரீமியம் அவர் பயந்த அளவுக்கு இல்லை.

2024 அக்டோபரில் மறுபடி பெரிய மழை எச்சரிக்கை வந்து ஜனங்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அன்றைக்கு இவர் முதல்நாளே மெயினை இறக்கி, சரக்கை ரேக்கில் ஏற்றி, மோட்டார் என்கோடர்களைக் கழற்றி வைத்துவிட்டார். தண்ணீர் வாசலோடு நின்றது. ஒருநாள் உற்பத்தி போனது, திரும்ப மாட்டியதற்கு என் கூலி தனி.

கம்பெனியிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு மாதச் சரக்கை ஒரே லோடாக இறக்காமல் வாரா வாரம் அனுப்புங்கள் என்று. வண்டி வாடகை யார் கொடுப்பது என்று கேட்டார்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.